காதுக்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது? காது மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் தொண்டை வலி பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "காதுக்குள் பட்ஸ் போடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். தொண்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள், அவற்றில் சில கோபமானவை. காது, மூக்கு, தொண்டை மருத்துவராக என் வேலையில் பெரும்பகுதி காதுக் குறும்பியோடுதான் கழிகிறது. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

தினமும் குளித்து முடித்ததும் இரண்டு காதையும் பட்ஸால் துடைப்பது என் பழக்கம். பஞ்சில் மஞ்சளாக அழுக்கு ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். அப்படியிருக்க, துடைக்காதே என்றால் எப்படி டாக்டர்? இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் ஒரு மாதமாக வலது காது அடைத்த மாதிரியே இருக்கிறது. (ஒரு கணக்காளர்)

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. துடைத்ததால்தான் அடைத்திருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பெரியவர்களின் காதுக் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பாலானது. அங்கே தோல் தடிப்பாக இருக்கும், சிறு முடிகள் இருக்கும், குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் அங்கேதான். உள்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. அதன்மேல் மிக மெல்லிய தோல் மட்டும் ஒட்டியிருக்கும். அங்கே முடி கிடையாது, சுரப்பியும் கிடையாது. ஆகவே செவிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு குறும்பிக் கட்டியைப் பார்த்தால், அது அங்கே உண்டானதாக இருக்க முடியாது. பெரும்பாலும் யாரோ உள்ளே தள்ளியதுதான். உங்கள் பஞ்சில் ஒட்டி வந்தது கொஞ்சம். ஒட்டாமல் பஞ்சின் முனைக்கு முன்னால் உள்ளே போனது அதைவிட அதிகம். தினமும் ஒரு தள்ளு என்றால் வருஷக்கணக்கில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மைக்ராஸ்கோப் வழியாகப் பார்க்கும்போது, பட்ஸ் போடுகிறவர்களின் காதில் அடைத்திருக்கும் கட்டியின் முகப்பு பல சமயம் வழவழவென்று உள்வாங்கிக் குழிந்திருக்கும். பஞ்சு முனையின் அச்சு அது. சிலருடைய காதில் கழன்று விழுந்த பஞ்சுத் துணுக்கும் சேர்ந்தே வெளியே வரும்.

காதுக்குத் துடைப்பவர் தேவையே இல்லை. செவிப்பறையின் மேலும் குழாயிலும் உள்ள தோல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நகம் வளர்கிற வேகத்தில், செவிப்பறையின் நடுவிலிருந்து வெளிவாசலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்த தோலையும் குறும்பியையும் தூசியையும் அது கூடவே சுமந்து வருகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதற்கு உதவுகிறது. வாசலுக்கு வந்துவிட்டதைத் துண்டின் நுனியால் துடைத்துவிட்டால் போதும். குழாய்க்குள் எதுவும் போக வேண்டாம்.

சத்தியமாக இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை பட்ஸால் காதில் காயம்பட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளும் சிறுவர்களும் சுமார் 2,63,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை காதைச் சுத்தம் செய்யும்போது நடந்தவை. கதவு சட்டென்று திறந்து முழங்கையில் இடித்தால் போதும், செவிப்பறை கிழிந்துவிடும். அதற்கும் உள்ளே இருக்கும் நுண்ணெலும்புகள் இடம் பெயர்ந்து கேட்கும் திறனே குறைந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் இன்றே பட்ஸை நிறுத்துங்கள். அடைப்புக்கு என்ன செய்வதென்று அடுத்தடுத்த பதில்களில் சொல்கிறேன்.

இந்தக் குறும்பியால் நமக்கு என்னதான் பயன்? (பத்தாம் வகுப்பு மாணவி)

நல்ல கேள்வி கண்ணம்மா. குறும்பியில் பாதிக்கும் மேல் உதிர்ந்த தோல். மீதியில் கொழுப்பு அமிலங்கள், கொலஸ்ட்ரால் போன்றவை. கொழுப்பு இருப்பதால் தண்ணீர் ஊறித் தோல் வெந்து போகாமல் பார்த்துக்கொள்கிறது. லேசான அமிலத்தன்மை இருப்பதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் வளர முடிவதில்லை. தூசியும் சிறு பூச்சியும் அதில் ஒட்டிக்கொள்ளும். குறும்பியே இல்லாமல் துடைத்து வைத்த காது வறண்டு அரிக்கும்.

எல்லோருக்கும் அது ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. சிலருக்குத் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக, சிலருக்குச் சாம்பல் நிறத்தில் உலர்ந்த செதிலாக இருக்கும். ஒரே ஒரு மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுதான் இதைத் தீர்மானிக்கிறது என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உலர்ந்த வகை கிழக்கு ஆசியாவில் அதிகம்.

நீ விலங்கியல் படிக்கப் போகிறேன் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. நீலத் திமிங்கிலத்தின் காதில் குறும்பி வெளியே வராமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். அந்த அடுக்குகளை வைத்து அதன் வயதைக் கணக்கிடலாம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட ஒரு கட்டியை அறுத்துப் பார்த்து, அந்தத் திமிங்கிலத்தின் உடலில் வாழ்நாள் முழுக்க ஹார்மோன்களும் மாசுப்பொருள்களும் எப்போது எவ்வளவு இருந்தன என்றே வாசித்துவிட்டார்கள்.

காலையில் எழுந்ததிலிருந்து என் கணவருக்கு இடது காது கேட்கவில்லை. 'ஙொய்' என்று இரைச்சல் வேறு. அழுக்கு அடைத்திருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நான்கு நாளாக விட்டுக்கொண்டிருக்கிறோம். (ஒரு வாசகி)

அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் பேசச் சொல்லிவிட்டேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது குறும்பியாகவும் இருக்கலாம், கேட்கும் நரம்பு அல்லது உள்காது பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டிலும் "காது அடைத்துக்கொண்டது" என்றுதான் ஆட்கள் சொல்வார்கள். ஏனென்றால் இரண்டுமே அப்படித்தான் தோன்றும். நரம்புப் பாதிப்பு என்றால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதில்தான் பலன் இருக்கிறது, நாள் தள்ளத் தள்ள அது குறைந்துகொண்டே போகும். குறும்பிதான் என்று நினைத்து எண்ணெய் விட்டு, சொட்டு மருந்து விட்டு, மூன்று வாரம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது. அவர்களிடம் ஆறுதல் சொல்வதைத் தவிர எங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால், ஒலி வரும் வழியில் ஏதோ தடை இருக்கிறது, குறும்பியாக இருக்க வாய்ப்புண்டு. நன்றாக இருக்கும் காதில் பலமாகக் கேட்டால், கேட்காத காதின் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நம்பிக்கை வரவில்லையா? இப்போதே ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள். அடைத்த பக்கம்தான் சத்தம் ஏறிக் கேட்கும். எங்கள் அறையில் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையும் இதே அடிப்படையில்தான்.

ஆனால் இந்த முனகலை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்திலோ, மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது கேட்காமல் போனால் அன்றே காது மருத்துவரிடம் போங்கள். அன்று முடியாவிட்டால் மறுநாள். கூடவே புதிதாக இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தால் மறுநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். குறும்பிதான் என்று தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். எந்த மருத்துவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் இழுப்பது இவையும் சேர்ந்தால் காது மருத்துவரைத் தேடாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும்? விட்டதும் வெளியே வழிந்துவிடுகிறது. எந்த மருந்து நல்லது? எனக்குக் காது லேசாக மந்தமாக இருக்கிறது, வலியோ சீழோ இல்லை. (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்)

ஐயா, வலி இல்லை, சீழ் இல்லை என்று நீங்களே சொன்னது நல்லதாயிற்று. நான் முதலில் கேட்பதே அதுதான். இன்னும் சிலவற்றையும் கேட்பேன். எப்போதாவது செவிப்பறையில் ஓட்டை என்று யாராவது சொன்னார்களா? காதில் அறுவை சிகிச்சை செய்ததுண்டா? காதில் சிறு குழாய் வைத்திருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் வீட்டில் எதையும் விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் தாராளமாக விடலாம்.

எந்த மருந்து என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பலவகைச் சொட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் போல ஏதாவது ஒன்றை விட்டால் பலன் கிடைக்கலாம், ஆனால் இதுதான் மற்றதைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றது. வெறும் தண்ணீரையும் உப்புநீரையும்கூட மற்ற மருந்துகள் தெளிவாக மிஞ்சிவிடவில்லை. ஆகவே விலை கூடியதைத் தேட வேண்டாம். ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய், சோடியம் பைகார்பனேட் சொட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் குறும்பி இளக்கும் மருந்து, எதுவானாலும் சரி. கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதாம் எண்ணெயைத் தொட வேண்டாம். பெராக்ஸைடு கலந்த சொட்டுகள் காதுக்குள் நுரைக்கும், சிலருக்கு எரியும்.

விடும் முறையில்தான் விஷயமே இருக்கிறது. மருந்துக் குப்பியைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தால் உடல் சூட்டுக்கு வந்துவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். கொதிக்கும் எண்ணெயால் காது வெந்து வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்புறம், அடைத்த காது மேலே இருக்கும்படி பக்கவாட்டில் படுங்கள். உட்கார்ந்துகொண்டு தலையைச் சாய்த்தால் உங்களுக்கு நடந்ததுபோல வழிந்துதான் போகும். காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெதுவாக இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகும். இரண்டு மூன்று சொட்டு விட்டு, காது வாசலுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை விரலால் நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள். காற்றுக் குமிழி விலகி மருந்து உள்ளே இறங்கும். ஐந்து பத்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். எழுந்ததும் வழிவதைத் துடையுங்கள். பஞ்சை வைத்து அடைக்க வேண்டாம், மருந்தைப் பஞ்சே குடித்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, மூன்று முதல் ஐந்து நாள்.

முதல் இரண்டு நாளில் காது இன்னும் அதிகமாக அடைத்த மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள், குறும்பி ஊறி உப்பியிருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்தில் அது துணுக்குத் துணுக்காக, பல சமயம் தூக்கத்தில், வெளியே வரும். வரவில்லை என்றாலும் நஷ்டமில்லை, நன்றாக ஊறிய குறும்பியை மருத்துவர் எடுப்பது சுலபம். மருந்து விடும்போது வலி வந்தாலோ, மருந்தின் சுவை தொண்டையில் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம்.

போன முறை காதில் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தபோது அறையே சுழன்றது, வாந்தி வந்துவிட்டது. திரும்பவும் அடைத்திருக்கிறது. போகவே பயமாக இருக்கிறது. (ஒரு தையல் கலைஞர்)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது பெரும்பாலும் தண்ணீரின் சூட்டால் வந்தது. உடல் சூடு 37 டிகிரி. தண்ணீர் அதைவிடக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால், சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் நகர ஆரம்பித்துவிடும். உடம்பு அசையாமலே தலை சுற்றுவதாக மூளை நினைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற இளம் காது மருத்துவர் நோயாளிகளின் காதில் தண்ணீர் பீய்ச்சும்போது அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் துடிப்பதையும் கவனித்தார். தண்ணீர் போதுமான சூட்டில் இல்லாவிட்டால்தான் தலை சுற்றுகிறது என்று ஒரு நோயாளி சொன்னார். அடுத்த முறை தண்ணீர் சூடு கூடிப் போயிற்று. அப்போதும் சுற்றியது, ஆனால் கண்கள் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. அந்த ஒரு குறையைக் காதுகொடுத்துக் கேட்டதிலிருந்துதான் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையே பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்.

ஆகவே நீங்களும் போனதும் வாய்விட்டுச் சொல்லுங்கள், "போன முறை தலை சுற்றியது." தண்ணீர் முறை மட்டும்தான் வழி என்றில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். சத்தம் பெரிதாகக் கேட்கும், சில நொடி தலை லேசாகச் சுற்றலாம், வலி அநேகமாக இருக்காது. சிறு வளையம், கொக்கி போன்ற கருவிகளாலும் எடுக்கிறோம். வெளிச்சமும் பயிற்சியும் இருக்கும் கையில் அவை பாதுகாப்பானவை. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும், காதில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும், ஒரே காதுதான் கேட்கிறது என்பவர்களுக்கும் தண்ணீர் முறை வேண்டாம். பழைய பெரிய உலோக சிரிஞ்சால் வேகமாகப் பீய்ச்சுவதை இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியைத்தான் அது ஏற்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாயின் தோல் லேசாக உரசினாலே கசியும்.

என் குழந்தைக்கு ஒன்றரை வயது. காது ஓரத்தில் பழுப்பாகத் தெரிகிறது. எடுக்கப் போனால் திமிறுகிறான். (ஓர் இளம் தாய்)

திமிறட்டும், அவன் பக்கம்தான் நியாயம். ஓரத்தில் தெரிகிறது என்றால் தானாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குளிப்பாட்டிய பிறகு ஈரத் துணியால் மடலையும் வாசலையும் துடைத்தால் போதும். குழந்தைகளின் குழாய் இன்னும் குட்டையானது, செவிப்பறை நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு காய்ச்சலோடு அழுதால், காதிலிருந்து ஏதாவது வடிந்தால், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், பேச்சு வரவேண்டிய வயதில் வரவில்லை என்றால், அப்போது அழைத்து வாருங்கள். கடைசி இரண்டுக்கும் குறும்பியைக் காரணம் சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

குழந்தைகள் காதுக்குள் எதையாவது போட்டுக்கொள்வதும் உண்டு. பயறு, விதை என்றால் தண்ணீர் விடாதீர்கள், ஊறிப் பெருத்து இறுகிவிடும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சொட்டு மருந்து, தண்ணீர் எதுவும் விடாமல் அப்படியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே அது சுற்றியுள்ள தோலை அரித்துவிடும்.

அப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். 'கீச்' என்று கத்துகிறது, சரியாகக் கேட்கவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார். கருவியை மாற்ற வேண்டுமா? (ஒரு மகன்)

கருவியை மாற்றுவதற்கு முன்னால் அவர் காதுக்குள் ஒருவர் பார்க்கட்டும். வயதானால் சுரப்பிகள் சுருங்கிக் குறும்பி உலர்ந்துவிடும், காது முடி தடித்து வழியை மறிக்கும். அதோடு கருவி நாள் முழுக்க வாசலை அடைத்துக்கொண்டிருப்பதால் வெளியே வரவேண்டியது வர முடியாது. குறும்பியில் பட்டு ஒலி திரும்பி மைக்குக்குள் போனால் கருவி அப்படித்தான் கீச்சிடும். கருவியின் முனையில் உள்ள சிறு வடிகட்டியும் அடைத்திருக்கலாம். அதை மட்டும் மாற்ற முடியும்.

முதியோர் இல்லங்களில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கும் மேல் குறும்பி அடைப்பு இருப்பதாக அமெரிக்கக் காது மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. வயதுவந்தவர்களில் பொதுவாக இது இருபதில் ஒருவருக்குத்தான். நாம் சொல்வதைக் கேட்காமல் வீட்டு முதியவர் ஏதோ யோசனையில் இருக்கிறார், மறதி வந்துவிட்டது என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிடுகிறோம். காதைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கட்டி. எடுத்து முடித்ததும் அவர் முகம் மலர்வதைப் பார்க்கும்போது, இத்தனை நாள் இவரை ஏன் அழைத்து வரவில்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். கருவி அணிகிறவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டிக்கொள்வது நல்லது.

மற்றவர்களுக்கு அப்படி அட்டவணை தேவையில்லை. தொந்தரவு இல்லாத, செவிப்பறையைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாத குறும்பியை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் அதே வழிகாட்டுதல் சொல்வது.

காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுக் குழல், செல்போனில் படம் காட்டும் கேமரா வைத்த காதுக் குச்சி, இரண்டும் விளம்பரத்தில் வருகின்றன. வாங்கலாமா? (கல்லூரி மாணவர்)

குழலை வாங்காதீர்கள். சூடு உறிஞ்சிக் குறும்பியை இழுக்கும் என்பது விளம்பரம். 1996இல் அளந்து பார்த்தவர்கள் எந்த உறிஞ்சலும் நடக்கவில்லை, குறும்பியும் வரவில்லை, சிலர் காதில் மெழுகுதான் புதிதாகப் படிந்தது என்றார்கள். எரிந்து முடித்ததும் அடியில் காட்டுகிற பழுப்புப் பொருள் அந்தக் குழலின் மெழுகேதான். தீக்காயங்களும் நடந்திருக்கின்றன.

கேமரா குச்சி பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் யாரும் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. திரையில் படம் தட்டையாகத் தெரியும், ஆழம் தெரியாது. உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்பதும் மாறித் தெரியும். நாங்கள் இரண்டு கண்ணாலும் ஆழம் பார்த்து, நோயாளியின் தலையை அசையாமல் வைத்துச் செய்கிற வேலை அது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. காது எப்போதும் அரிக்கிறது. ஹேர்பின்னோ சாவியோ கையில் கிடைத்ததை விட்டுச் சொறிந்தால்தான் தூக்கம் வருகிறது. இரண்டு நாளாக உள்ளே வலிக்கிறது. (ஒரு வாசகி)

அம்மா, முதலில் அந்த வலிக்கு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் காது வலியை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. சொறிந்த இடத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்தால், குழாயின் தோலில் தொடங்கி மண்டை ஓட்டின் அடி எலும்புவரை தொற்று பரவக்கூடும். முதியவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இரவில் தூங்கவிடாத வலி, நாற்றத்தோடு வடிதல், முகம் ஒரு பக்கம் தளர்வது இவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். இதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சுவதைத் தவிர்த்து உறிஞ்சி எடுப்பதையே விரும்புகிறோம். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைக் கேட்காமலே ஒருவர் சிரிஞ்சை எடுத்தால், நீங்களே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

அரிப்பைப் பற்றி. சொறிந்தால் சுகமாக இருப்பது உண்மைதான். ஆனால் சொறியச் சொறியத் தோலின் பாதுகாப்புப் படலம் போய், வறண்டு, இன்னும் அரிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அரிப்புக்குக் காரணம் அழுக்கு அல்ல. குறும்பி போதாமல் வறண்ட தோல், எக்ஸிமா என்ற தோல் அழற்சி, பூஞ்சை, ஷாம்பு அல்லது தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமை, இவற்றில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பூஞ்சைக்கு எண்ணெய் விட்டால் கூடவே செய்யும். காரணம் தெரிந்தால் ஒரு வாரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

காதைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் எனக்கு இருமல் வருகிறது. நுரையீரலில் கோளாறா? (ஒரு வாசகர்)

இல்லை. மூளையிலிருந்து தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுக் குழாயின் தோலுக்கும் வருகிறது. அதைத் தொட்டால் சிலருக்கு இருமல் வரும். குறும்பிக் கட்டி அதன்மேல் உரசிக்கொண்டிருந்தால் நாள்பட்ட இருமலும் வருவதுண்டு. எடுத்ததும் நின்றுவிடும்.

மருத்துவர் பார்த்துவிட்டு, "குறும்பியே இல்லை, காது சுத்தமாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அடைப்பு அப்படியே இருக்கிறது. இப்போது நான் என்ன செய்ய? (ஒரு பேருந்து ஓட்டுநர்)

அவர் சொன்னதை நம்புங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். குறும்பி இல்லாமலும் காது அடைக்கும். சளி பிடித்த பிறகு மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சரியாகத் திறக்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். தாடை மூட்டில் கோளாறு இருந்தாலும் காது அடைத்த மாதிரியே தோன்றும். பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு இது சகஜம். மேலே சொன்னது போல நரம்பாகவும் இருக்கலாம். நீங்கள் எஞ்சின் சத்தத்தில் நாள் முழுக்க உட்காருகிறவர் என்பதால் எனக்கு அந்தக் கவலையும் இருக்கிறது.

வெறும் பார்வையில் இவை எல்லாம் தெரியாது. திரும்பப் போய் இரண்டு பரிசோதனை கேளுங்கள். ஒன்று ஆடியோகிராம், எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும். மற்றது டிம்பனோமெட்ரி, செவிப்பறை எப்படி அசைகிறது என்று காட்டும். இரண்டும் வலிக்காது, மொத்தமே அரை மணி நேரம்தான். அந்தத் தாள்களின் நகலை உங்களிடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் கேட்கும் திறன் குறைந்ததா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.